இரண்டு பீப்புகளுக்கு நடுவில்

முதல் பீப் அடித்ததும் பதினெட்டுப் பேரும் கிளம்புகிறார்கள், கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி, சாவகாசமாக, ஏனென்றால் முதல் லெவலில் எவனும் ஓட வேண்டியதில்லை, நடையை எட்டிப் போட்டாலே அடுத்த பீப்புக்குள் எதிர்க்கோட்டைத் தொட்டுவிடலாம், முதல் லெவலில் எல்லோரும் வீரர்கள்தான், வேலியோரத்து வேப்பமர நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பொன்னுரங்கம் சார்கூட இந்த லெவலில் தேறிவிடுவார். டாக்டர் பொன்னுரங்கம், உடற்கல்வி இயக்குநர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கபடி வீரர்களின் மனநிலை என்று எதையோ எழுதிப் பட்டம் வாங்கிய டாக்டர், அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டி நான் பார்த்ததில்லை, லேஸ் இல்லாத ஷூவாகத் தேடி வாங்கிக்கொள்கிறார். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை ஆரஞ்சுக் கூம்புகள், ஒரு ஸ்பீக்கர், ஸ்பீக்கர் பீப் என்னும்போது கால் கோட்டில் இருக்க வேண்டும், நிமிஷத்துக்கு நிமிஷம் பீப்புகள் நெருங்கிக்கொண்டே வரும், இரண்டு முறை தவறவிட்டவன் வெளியே, அவ்வளவுதான், இதற்கு ஒரு அறிவியல், அந்த அறிவியலுக்கு ஒரு ஆள், அந்த ஆள் நான், குணவதி, கல்லூரிக் கால்பந்து அணியின் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச். ஆட்டம் சொல்லித்தருகிறவள் இல்லை. ஆடுகிற உடம்பைக் காப்பாற்றிக் கொடுக்கிறவள், அப்படித்தான் நேர்முகத் தேர்வில் சொன்னேன், சொன்னபோது நானே அதை நம்பினேன் என்று நினைக்கிறேன். பொன்னுரங்கம் சார் மடியில் ஒரு நீலக் கோப்பு, கோப்புக்குள் நாளைய அரையிறுதிக்கான உடற்தகுதிப் படிவம், பதினெட்டுப் பெயர்கள், பெயருக்கு நேரே ஒரு கட்டம், கட்டத்தில் ஃபிட் அல்லது அன்ஃபிட் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பத்து மணிக்குள் போட்டி அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதினேழு பேருக்கு இந்த ஓட்டமே தேவையில்லை. ஒருவனுக்காகத்தான் பதினெட்டுப் பேரும் ஓடுகிறார்கள். அவன் இடது ஓரத்தில் ஓடுகிறான், ஏசுபாதம், வியாசர்பாடிப் பையன், எங்கள் தடுப்பு வரிசையின் சென்டர் பேக், பையன்கள் பாதம் என்று கூப்பிடுகிறார்கள், கால்பந்துக்காரனுக்குப் பாதம் என்று பெயர், கேட்டதும் சிரிப்பு வந்தது எனக்கு, இப்போது வரவில்லை.

பதினோரு நாளைக்கு முன்னால் காலிறுதியில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன், யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இடது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், ஸ்கேனில் தசை பாதிக்குப் பாதி கிழிந்திருந்தது, ஆறு வாரம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரமா, யூத் பாடி மேடம், ரெண்டு வாரத்துல ஒட்டிக்கும் என்றார் டென்சில், தலைமைப் பயிற்சியாளர், தசை என்றால் சைக்கிள் டியூப் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர், இதோ மைதானத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், வெயில் வருவதற்கு முன்பே கூலிங் கிளாஸ், ஒரு காலத்தில் மாநில அணியில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்தாராம், எத்தனை நிமிஷம் ஆடினீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன், அன்றிலிருந்து என்னிடம் காலை வணக்கம் இல்லை. மூன்றாவது லெவல். இப்போதுதான் ஓட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று ஆரம்பிக்கிறது, புல்லில் பூட்ஸ் பதிகிற சத்தம், இந்த மைதானம் முன்பு ஏரி, மழை நின்று மூன்று வாரமாகியும் அடியில் நீர் இருக்கிறது, கால் வைத்தால் கொஞ்சம் உள்வாங்கும், கிழிந்த தசைக்கு இதைவிட மோசமான தரை இல்லை, இதையும் எழுதிக் கொடுத்தேன், எழுதிக் கொடுப்பதில் எனக்கு ஈடு கிடையாது. பாதம் திரும்பும்போது பார்க்கிறேன். வலது காலைத்தான் ஊன்றுகிறான். போகும்போதும் வலது, வரும்போதும் வலது. அதற்காக ஒரு சின்னக் குதிப்பு வைத்துக்கொள்கிறான், தப்பு அடியில் வந்து சேர்ந்துவிடாமலிருக்க, நன்றாகப் பழகி வைத்திருக்கிறான், எங்கே பழகினான், ஹாஸ்டல் வராந்தாவிலா. டென்சில் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரு தலைமைப் பயிற்சியாளர்.

இந்தச் சோதனை நுரையீரலைத்தான் கேட்கும், தொடையைக் கேட்காது, கடைசி வரை சீரான ஓட்டம்தான், கிழிந்தது கிழிந்தபடியே இருக்க மனத்திடம் உள்ளவன் பதினொன்றாவது லெவலைத் தொட்டுவிட முடியும், ஆட்டத்தில் ஒரு வெட்டு, ஒரு திடீர் பாய்ச்சல், அங்கேதான் அறுந்து விழும். இது எனக்குத் தெரியும். ஆனாலும் பதினொன்று என்ற விதியை வைத்தவளும் நான்தான், வந்த முதல் வருஷம், பதினொன்றைத் தொடாதவனுக்கு அணியில் இடமில்லை, சிபாரிசில் வருகிறவர்களை வடிகட்ட நானே வைத்த சல்லடை, எவ்வளவு பெருமையாக இருந்தது. அறங்காவலர் ஒருவரின் அக்கா மகன் ஐந்தாவது லெவலிலேயே நின்று வாந்தி எடுப்பான், இதோ எடுக்கப்போகிறான், எடுத்துவிட்டான். நல்லது. இப்போது அந்த விதியைத்தான் என் முகத்தில் நீட்டுகிறார்கள், நீங்க வச்ச ரூல் மேடம், பதினொன்னு தொட்டா ஃபிட், உங்க வாயால சொன்னது. நேற்று மாலை நிர்வாக இயக்குநர் ஹரிகேசவன் தன் அறைக்குக் கூப்பிட்டார், கல்லூரித் தலைவரின் மருமகன், முப்பத்திரண்டு வயது, மேசைமேல் கையால் நசுக்கிக்கொண்டிருக்க ஒரு ரப்பர் பந்து, அவர் பிடித்த ஒரே பந்து அதுதான். வியாழக்கிழமை திறக்கப்போகிற ஹை பெர்ஃபார்மன்ஸ் சென்டரின் பெயர்ப் பலகை போனில் வந்திருந்தது, அதைத் திருப்பி என்னிடம் காட்டினார், இயக்குநர், பக்கத்தில் என் பெயர், எஸ். குணாவதி, ணவுக்குக் கால் போட்டிருந்தார்கள். பேரு கரெக்டா இருக்கா பாருங்க மேடம். சரியா இருக்கு சார் என்றேன். என் பெயரை நானே விட்டுக்கொடுத்தேன், அரை விநாடிகூட ஆகவில்லை. அதற்கப்புறம் அவர் பந்தை ஒருமுறை நசுக்கிவிட்டுக் கேட்டார், பாதம் நாளன்னிக்கு ஆடுவான்ல. டெஸ்ட் வச்சிப் பாக்கணும் சார் என்றேன். வைங்க வைங்க, பதினொன்னு தானே, தொட்டுருவான். அவருக்கும் பதினொன்று தெரிந்திருக்கிறது.

ஆறாவது லெவல், மூச்சு வெளியே கேட்கத் தொடங்கியிருக்கிறது, எங்கே ஆரம்பித்தேன் நான், சத்துவாச்சாரியில், நகராட்சிப் பள்ளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பளுதூக்கும் கூடம், பதிமூன்று வயது, கையில் சுண்ணாம்புத் தூள், தெருவில் என்னை மூட்டைக்காரி என்றார்கள், சொன்னவர்களை எல்லாம் ஒரு கையால் தூக்கி எறிந்திருக்கலாம், எறியவில்லை, தேசியப் போட்டியில் நான்காவது இடம். நான்காவது இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லித்தருவதில்லை. மேடையில் மூன்று படிகள்தான். மூன்று பேர் ஏறி நிற்கும்போது நான்காவது ஆள் பையைக் கட்டிக்கொண்டிருப்பாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டுப் போன இடத்தில் ஒரு குமாஸ்தா என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் பதக்கம் ஒட்டியிருக்கும் என்று நினைத்த மாதிரி. அப்புறம் அண்ணா நகரில் ஒரு ஜிம், பெண்கள் பேட்ச், காலை பத்து முதல் ஒன்று, ட்ரெட்மில்லின்மேல் போனில் பேசிக்கொண்டே நடந்தவர்கள், யாருடைய மருமகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எல்லாம் தெரியும், நான் எண்ணிக்கொண்டிருப்பேன், இன்னும் நாலு மேடம், இன்னும் மூணு மேடம், அவர்கள் ஐந்துக்குமேல் செய்ய மாட்டார்கள், நான் பத்து என்று எழுதிக்கொள்வேன், பொய்க் கணக்கு எழுதுவதில் அங்கேயே கை பழகிவிட்டது போலிருக்கிறது. அங்கிருந்தபோதுதான் சான்றிதழ்ப் பரீட்சை, முழுக்க ஆங்கிலம், தசைகளுக்கு லத்தீன் பெயர்கள், இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறினேன், தேறிய பிறகு ஒரு வருஷம் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றில் சும்மா வேலை பார்த்தேன், அனுபவக் கடிதத்துக்காக, ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு மைதானத்துக்கு மைதானம், ஐஸ் அக்கா, ஐஸ் அக்கா இங்க, ஐஸ் அக்கா முட்டியில வை, ஒரு வருஷத்தில் ஒருவனும் என் பெயரைக் கேட்கவில்லை. கடிதத்தில் எழுதியிருந்தார்கள், சுறுசுறுப்பானவர், கீழ்ப்படிதல் உள்ளவர். நாய்க்கு எழுதுகிற மாதிரி. அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கல்லூரிக்கு வந்தபோது அடையாள அட்டை அடிக்கிறவன் என் பதவியை ஏசி சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெங்த் அண்ட் ஏர் கண்டிஷனிங் என்று அடித்துவிட்டான், மூன்று மாதம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன், ஹாஸ்டல் வார்டன் போன் செய்வார், மேடம் செகண்ட் ஃப்ளோர்ல கூலிங்கே வரல, நான் மெக்கானிக் இல்ல சார் என்றால், ஆள் அனுப்பினா போதும் மேடம் என்பார். சிரிக்கலாம். சிரித்தேன். எட்டாவது லெவல், கோல் கீப்பர் நின்றுவிட்டான், இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்க்கிறான், அவனைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர், பதினொன்று தொடாதவர்களைப் பற்றி இன்று ஒருவரும் கவலைப்படவில்லை, படிவத்தில் எல்லோரும் ஃபிட்தான், விதி இன்று ஒருவனுக்குச் சாதகமாக மட்டும்தான் வேலை செய்யும். வெயில் பிடரியில் ஏறுகிறது. பாதத்தின் முகத்தில் வியர்வையே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது, மற்றவர்கள் நனைந்து கிடக்க இவன் முகம் சாம்பல் பூத்த மாதிரி, வலியை அடக்குகிற முகத்துக்கு ஒரு நிறம் உண்டு, எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன், வினோபாவின் முகத்தில்.

இதற்கு முந்தைய கல்லூரி, நான் தற்காலிகம், பொன்னுரங்கம் சார் அப்போது அங்கே இருந்தார், வினோபா என்று ஒரு விங்கர், ஆரணிப் பக்கம், வலது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து முட்டி ஆடிக்கொண்டிருந்தது, கையை வைத்துப் பார்த்தேன், இழுப்பறை மாதிரி முன்னால் வந்தது எலும்பு. பொன்னுரங்கம் சார் படிவத்தை நீட்டினார். உங்க கன்ஃபர்மேஷன் ஃபைலும் என் டேபிள்லதாம்மா இருக்கு என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை, மிரட்டவில்லை, ஒரு தகவல் மாதிரி, ஊருக்கு மழை வருமாம் என்கிற மாதிரி. ஃபிட் என்று எழுதினேன். எழுத எவ்வளவு நேரம் ஆகும், மூன்று எழுத்து, முப்பத்திநாலாவது நிமிஷத்தில் வினோபா தானாகவே விழுந்தான், பக்கத்தில் ஒருவரும் இல்லை, அந்தச் சத்தம் பெஞ்ச் வரைக்கும் கேட்டது. அடுத்த வாரம் நான் நிரந்தரம். இரண்டு வருஷம் கழித்துப் பொன்னுரங்கம் சார் இங்கே வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார், நம்பகமான ஆள் என்றாராம், ஆமாம், என்னை நம்பலாம், எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே விரலைக் காட்டினால் போதும். போன வருஷம் ஒரு மத்தியானம் வீட்டு மணி அடித்தது, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கதவைத் திறந்தால் பார்சல் பையோடு வினோபா, ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து ஏறி வந்திருக்கிறான், மூச்சு வாங்கிற்று. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. மேம், நீங்களா, நல்லா இருக்கீங்களா மேம். பார்சலில் பயிற்சிக்கான ரப்பர் பட்டைகள். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், குடித்துவிட்டு, எதுனா ஆர்டர் போட்டா நம்ம ஏரியாதான் மேம், நானே கொண்டாறேன் என்றான். அவனுக்குக் கோபமே இல்லை. என் மேல் எச்சிலைத் துப்பியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். மூளையில்லாதவன், அடிமை, என்று அவனைத் திட்டிக்கொண்டே அவன் படியிறங்குகிற சத்தத்தைக் கடைசிப் படி வரை எண்ணினேன், அதன் பிறகு அந்த முகவரிக்கு நான் எதுவும் வரவழைப்பதில்லை.

பத்தாவது லெவல், ஏழு பேர்தான் ஓடுகிறார்கள், பாதம் இருக்கிறான், பையன்கள் வெளியே நின்று கைதட்டுகிறார்கள், பாதம் பாதம் பாதம், டென்சில் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டார், இப்போதுதான் அவருக்கு விளையாட்டில் ஆர்வம் வந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் பாதம் ஜிம்முக்கு வந்தான், நான் எடைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், மேம் ஒரு விஷயம் என்றான், சொல்லு என்றேன் திரும்பாமல். நாளன்னிக்கு மேட்ச் பாக்க ரயில்வேலேருந்து ஆளுங்க வர்றாங்க மேம், டிஃபன்ஸுக்கு ஆளு தேடுறாங்களாம். சரி. இந்த ஒரு மேட்ச் ஆடிட்டன்னா போதும் மேம், வேலையில உக்காந்துடுவேன், அப்புறம் கால் போனாலும் போவட்டும். போவட்டுமா என்றேன். போவட்டும் மேம், கால வச்சிக்கினு வேலையில்லாம இன்னா பண்றது. பத்தொன்பது வயதில் என்னைக் கேட்டிருந்தால் முதுகெலும்பையே கழற்றிக் கொடுத்திருப்பேன். இவனுக்குத் தேவை இரண்டு மணி நேரம் நிற்கிற ஒரு கால், அதைக் கொடுக்க மறுக்க நான் யார், இரண்டு மணி நேரம் நின்றாலும் நிற்கும், நூற்றுக்கு இருபது, நிற்காமல் நடுவில் அறுந்தால் வேலையும் இல்லை காலும் இல்லை, நூற்றுக்கு எண்பது, வினோபாவுக்கு இந்தக் கணக்கைச் சொன்னேனா, சொல்லவில்லை, இவனுக்கும் சொல்லவில்லை, போய்த் தூங்கு என்றேன். இப்போது அந்த எண்பதும் இருபதும் என் காதுக்குள் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருக்கின்றன, பலகையில் என் பெயருக்குக் கால் முளைத்துவிட்டது, நான் இந்தப் பையன்மேல் இரக்கப்படுகிறேனா அல்லது பொன்னுரங்கத்தின் கோப்பை எரிக்க ஒரு தீக்குச்சி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறேனா, இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, நல்லவர்கள் பிரித்துப் பார்ப்பார்களாக இருக்கும். பதினொன்றாவது லெவல் என்கிறது ஸ்பீக்கர், அமெரிக்கக் குரலில், ஒரு சலனமும் இல்லாமல். பாதம் கோட்டைத் தொடுகிறான். கத்துகிறார்கள்.

நான் ஸ்பீக்கரை அணைத்தேன். எல்லோரும் புல்லில் சரிந்து விழுந்தார்கள். பாதத்தை இரண்டு பேர் தோளில் தூக்கப் போனார்கள், அவன் வேண்டாம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே விலகினான், தூக்கினால் தொடையைப் பிடிப்பார்கள்.

"எழுதிடுங்க மேடம், பதினொன்னு," என்றார் டென்சில்.

"பாதம், இங்க வா. குப்புறப் படு."

அவன் சிரிப்பு நின்றது. "எதுக்கு மேம்? தொட்டுட்டேனே."

"படு."

படுத்தான். பக்கத்தில் முட்டி போட்டேன். கால்சட்டை விளிம்புக்குள்ளிருந்து வலி ஸ்ப்ரேயின் நெடி மூக்கில் ஏறியது. வலது முட்டியை மடக்கச் சொல்லிக் குதிகாலில் கையை வைத்து இழுத்தேன், கல் மாதிரி நின்றது, பளு தூக்கியவள் கை என்னுடையது, அசையவில்லை. இடது. பாதி இழுப்பதற்குள் கால் நடுங்கிற்று, பிறகு கையோடு வந்துவிட்டது, எதிர்ப்பே இல்லாமல், தூங்குகிறவன் கால் மாதிரி. அவன் முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டான்.

"மாத்திரை எத்தனை போட்ட?"

"போடல மேம்."

"எத்தனை?"

"நாலு." புல்லுக்குள்ளிருந்தே சொன்னான். "கோச் குடுத்தாரு."

டென்சில் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டார். எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனேன். பொன்னுரங்கம் சார் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார், அவ்வளவு மரியாதை. பதினேழு கட்டங்களிலும் ஃபிட் என்று எழுதினேன். பதினெட்டாவதில் அன்ஃபிட் என்று எழுதினேன், இடது பின்தொடைத் தசைக் கிழிசல், வலி மாத்திரையின் பேரில் ஓடினான் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன், கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். கோபப்படவில்லை. "அம்மா, வேற ஃபாரம் இருக்கு என்கிட்ட," என்றார் மெதுவாக. "ஃப்ரெஷ்ஷா எழுதலாம். தப்பு யாருக்கும் வர்றதுதான்."

"போட்டி டாக்டருக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டேன் சார்."

உண்மையில் அப்போது அனுப்பியிருக்கவில்லை. சொன்ன பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போனை எடுத்துப் படிவத்தைப் படம் பிடித்து மருத்துவக் குழுவின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். இரண்டு டிக். பிறகு நீலம். அவர் என்னையே பார்த்தார். பத்து வருஷமாக எனக்குத் தெரிந்த மனிதர், என்னை முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார், அதில் வியப்புகூட இல்லை, கடையில் வாங்கிய பொருள் கெட்டுப்போயிருந்தால் பார்க்கிற பார்வை.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாமேம்மா."

"ஆட்டம் நாளைக்கு சார்."

அவர் எழுந்து நிழலைத் தாண்டிப் போய் போனில் பேசினார். ம். ஆமா சார். இல்ல சார், அனுப்பிட்டாங்க. சரி சார். சரி சார். திரும்பி வந்து நாற்காலியை மடக்கினார். "எம்.டி. உங்ககிட்ட பேச வேணாம்னுட்டார். வியாழக்கிழமைக்கு வேற பேர் போட்டுக்கறாங்களாம்." கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார், பின்னால் டென்சில், இருவரும் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டே போனார்கள். எனக்குப் பின்னால் ஒரு நிழல் விழுந்தது. பாதம் நின்றுகொண்டிருந்தான், முகத்தில் புல் ஒட்டியிருந்தது.

"அனுப்பிட்டீங்களா மேம்?"

"ஆமா."

"நாந்தான் சொன்னேனே. நேத்தே சொன்னேனே. கால் போனா போவட்டும்னு."

"உனக்குத் தெரியாதுடா. ஒருத்தனை நான்..."

"எவனையோ நீ இன்னா பண்ணியோ, அதுக்கு எனக்கு ஏன் ஆப்பு வெக்கிற?"

மூன்று வருஷமாக மேம், மேம் என்று வந்த வாய். நீ. அந்த ஒற்றை எழுத்தை அவன் திருப்பி எடுத்துக்கொள்வான் என்று ஒரு விநாடி காத்திருந்தேன்.

"நீ ஒண்ணு தெரிஞ்சிக்கோ," என்றான், குரலை உயர்த்தாமல். "உன்னை நல்லவள்னு ஒருத்தனும் சொல்லப்போறதில்ல. நான் சொல்லவே மாட்டேன்."

அவன் சொன்னது சரி. அதைக் கேட்டு நன்றி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது, வினோபா கொடுக்காததை இவன் கொடுக்கிறான், அதையும் சொல்லவில்லை. நாலு வாரம் ரீஹேப், திங்கக்கிழமை காலையில ஜிம்முக்கு வா, நான் இருந்தா பாக்கறேன், இல்லன்னா ப்ரோக்ராம் எழுதி வெச்சிட்டுப் போறேன், என்றேன், அப்படித்தான் என் வாயிலிருந்து வந்தது, வேலை சம்பந்தமான வாக்கியங்கள் மட்டும்தான் எனக்குத் தெரியும். அவன் திரும்பினான். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் நடக்கத் தொடங்கினான், தனியாக, மைதானத்தின் குறுக்கே, ஒருவனும் கூடப் போகவில்லை.

இருபது அடி நேராக நடந்தான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான், இடது கால் இழுபட ஆரம்பித்தது, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, மாத்திரையின் வேகம் தீர்ந்துகொண்டிருந்தது, கையிலிருந்த பூட்ஸை இடது கைக்கு மாற்றினான், வலது கைக்கு மாற்றினான், நின்றான். தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றவன் என்ன தோன்றியதோ சட்டென்று திரும்பிப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே நிமிர்ந்தான். கையைத் தொடையிலிருந்து எடுத்தான். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு அடி பின்வாங்கி, திரும்பி, நேராக நடந்தான், இடது, வலது, இடது, வலது, ஒரு சாய்வும் இல்லாமல், மார்பை விரித்துக்கொண்டு, அணிவகுப்பில் நடக்கிற மாதிரி, அவன் கால் வலிப்பதை நான் பார்த்துவிடக்கூடாது, அந்த அளவுக்குக்கூட எனக்கு அவன் கொடுக்க மாட்டான். ஹாஸ்டல் கதவுக்கு இன்னும் நூறு மீட்டர் இருந்தது. அந்த நூறு மீட்டரும் இப்படியே நடந்தால் மிச்சமிருக்கிற தசையும் போய்விடும். நில்லு என்று கத்தினால் இன்னும் வேகமாக நடப்பான். நடக்கிறவனை நிறுத்த என்னிடம் விசில் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, லத்தீன் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன், அவன் நொண்டிக்கொண்டு போகட்டும் என்று.